கையெழுத்துக்கு முன் ஒரு கேள்வி: ஒரு மாடல், நடிகர், இயக்குநரின் பத்தாண்டுகள்

நான் படத்தொகுப்பாளர். இந்தக் குறிப்பில் 'அவர்' என்று வருபவர் மாடலாகத் தொடங்கி, நடிகராகி, இப்போது சொந்தமாகப் படம் எடுப்பவர். தன்பாலீர்ப்பாளர். அவருடைய ஒரு குறும்படத்தையும் ஒரு முழுநீளப் படத்தையும் நான்தான் எடிட் செய்தேன். இதை எழுதி முடித்ததும் அவரிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு இடங்களை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன். இதில் வரும் சக நடிகரும் படித்துப் பார்த்துச் சம்மதித்த பிறகே வெளியிடுகிறேன். அப்படிக் கேட்டே ஆக வேண்டும் என்று நான் ஏன் நினைக்கிறேன் என்பது படிக்கும்போது புரியும்.

பின்னணி

இருபத்திரண்டு வயதில் மாடலிங்குக்கு வந்தார். மேடை நடை வாய்ப்புகள் குறைவு. பெரும்பாலும் இணையக் கடைகளுக்கான கேட்டலாக் வேலைதான். காலையில் போனால் மாலைக்குள் ஐம்பது உடையாவது மாற்ற வேண்டும். முன்பக்கம், பக்கவாட்டு, முதுகு, அப்புறம் துணியின் நெருக்கப் படம். பாதி நேரம் முகம் ஃபிரேமிலேயே இருக்காது. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்வார். அது அங்கே வந்த பழக்கம்.

அப்போது அவர் தன்பாலீர்ப்பாளர் என்பது நெருங்கிய நண்பர்கள் இருவருக்கு மட்டும் தெரியும். வீட்டில் சொல்லவில்லை, ஏஜென்சியிலும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தார்.

முதல் ஆண்டு: ஒரு டெஸ்ட் ஷூட்

தொழிலுக்குப் புதிதாக வந்த புகைப்படக்காரர் ஒருவரோடு ஒரு டெஸ்ட் ஷூட் செய்தார். இருவருக்கும் சம்பளம் இல்லை. இருவருக்கும் போர்ட்ஃபோலியோ வேண்டும், அவ்வளவுதான். ஜன்னல் வெளிச்சத்தில் அரை நாள் வேலை. சில படங்கள் உள்ளாடையில். சிலவற்றில் இன்னொரு ஆண் மாடலும் தோளோடு தோள் சாய்ந்து சிரித்துக்கொண்டிருப்பார். நல்ல படங்கள், நானே பார்த்திருக்கிறேன்.

முடிந்து கிளம்பும்போது புகைப்படக்காரர் ஒரு ஒப்புதல் படிவத்தை நீட்டினார். சுவரில் தாளை வைத்து, தோளில் பையோடு, நின்றபடியே கையெழுத்துப் போட்டதாக அவர் சொன்னார். அந்தப் படிவத்தின் நகலை நான் பின்னால் படித்தேன். ஒரு பக்கம்தான். நடுவில் ஒரே வரியில் மூன்று விஷயங்கள் அடங்கியிருந்தன: எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுவதும், காலவரையறை இல்லாமல்.

மாடலிங் ஒப்பந்தத்தில் பேரம் பேச இருப்பவையே அந்த மூன்றும்தான்: எந்த ஊடகம், எந்தப் பிரதேசம், எத்தனை காலம். ஒரு பிராண்டோடு ஒப்பந்தம் போட்டால் ஏஜென்சியே இவற்றைத் தனித்தனியாகப் பேசி, ஒவ்வொன்றுக்கும் விலை வைக்கும். சம்பளம் இல்லாத ஷூட் என்பதால் ஏஜென்சி அங்கே இல்லை. மூன்றையும் இலவசமாகக் கொடுத்துவிட்டு வந்தார்.

மூன்றாம் ஆண்டு: அக்காவிடமிருந்து வந்த படம்

ஒரு மாலை அவருடைய அக்கா ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினார். அந்த ஜன்னலோரப் படம்தான், இரண்டு ஆண்கள் சிரிக்கும் படம். கீழே, ஆண்களோடு உறவு வைத்துக்கொள்ளும் ஆண்கள் எச்ஐவி பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்ற வாசகம். அதற்கும் கீழே அக்காவின் கேள்வி: "இது நீதானே? உனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

புகைப்படக்காரர் அந்தப் படங்களை ஒரு ஸ்டாக் புகைப்படத் தளத்தில், அதாவது யார் வேண்டுமானாலும் காசு கொடுத்துப் படம் வாங்கிப் பயன்படுத்தும் இணையதளத்தில், போட்டிருந்தார். விளம்பரம் செய்தவர்கள் அங்கே காசு கொடுத்து முறையாகவே வாங்கியிருந்தார்கள். விளம்பரத்தின் செய்தியில் ஒரு குற்றமும் இல்லை. பரிசோதனையை வலியுறுத்துவது நல்ல காரியம். கேட்டிருந்தால் இன்னும் சில ஆண்டுகள் கழித்து அவரே சந்தோஷமாக அதற்கு நின்றிருப்பார். யாரும் கேட்கவில்லை. இருபத்தைந்து வயதில் தன் வாழ்க்கையில் தானே சொல்ல வேண்டிய ஒரு சேதியை ஒரு விளம்பரம் சொல்லிவிட்டது. கூடவே அவருக்கு இல்லாத ஒரு நோயையும் அவர் மேல் ஏற்றிவிட்டது.

அன்று இரவு அவர் முன் மூன்று வழிகள் இருந்தன. அது மாடலிங், வெறும் படம் என்று சொல்லி மறைப்பது. வக்கீல் வைத்துச் சண்டை போடுவது. அக்காவிடம் உண்மையைச் சொல்வது. முதல் வழி சுலபம், பாதி உண்மையும்கூட. "அப்படிச் சொன்னா அடுத்த தடவை சொல்லும்போது அக்கா என்னை நம்ப மாட்டா" என்று அவர் யோசித்திருக்கிறார். மூன்று மணி நேரம் கழித்து அக்காவைக் கூப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லை, மீதி உண்மை என்றார். அதற்குப் பிறகு வீட்டில் நடந்தவை அவர்கள் வீட்டு விஷயம், இங்கே எழுதவில்லை. அப்பா அம்மாவிடம் சொன்னபோது அக்கா பக்கத்தில் இருந்தார் என்பதை மட்டும் எழுத அனுமதித்தார்.

விளம்பரத்தை எடுக்க வைக்க அவர் கையிலிருந்த படிவம் உதவவில்லை. அது முழுக்க எதிர்த்தரப்புக்குச் சாதகம். உதவியது ஸ்டாக் தளத்தின் உரிம விதி. நோய், பாலியல் போன்ற விஷயங்களோடு ஒரு மாடலின் படத்தைச் சேர்த்துப் போட்டால், 'இவர் மாடல், படம் சித்திரிப்புக்காக மட்டுமே' என்ற வரி பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று பல ஸ்டாக் தளங்கள் விதி வைத்திருக்கின்றன. இந்த விளம்பரத்தில் அந்த வரி இல்லை. அதைச் சுட்டிக்காட்டி எழுதியதும் விளம்பரம் சில வாரங்களில் போனது, தளத்திலிருந்தும் படம் நீக்கப்பட்டது. ஆனால் அதற்குள் விற்றுப்போன உரிமங்களைத் திரும்ப வாங்க முடியாது. அந்தப் படம் இன்றும் எங்காவது தலைகாட்டுகிறது.

நடிப்புக்கு வந்தபோது: சொல்வதா, வேண்டாமா

நடிகராக முயற்சி செய்யத் தொடங்கியதும் அவருடைய ஏஜென்ட் சொன்ன முதல் அறிவுரை, "வெளியில் சொல்லாதே." நானும் அப்போது ஏஜென்ட் பக்கம்தான் இருந்தேன். முதலில் பெயர் வாங்கு, அப்புறம் சொல்லிக்கொள் என்பதுதான் என் வாதம்.

சரித்திரத்தில் இரண்டு பக்கத்துக்கும் உதாரணம் உண்டு. 1930 வாக்கில் ஹாலிவுட்டின் முன்னணி வசூல் நட்சத்திரங்களில் ஒருவர் வில்லியம் ஹெய்ன்ஸ். துணைவர் ஜிம்மி ஷீல்ட்ஸை விட்டு விலக மறுத்தார். 1933-இல் ஸ்டுடியோவோடு அவர் உறவு முடிந்தது, நடிப்பு வாழ்க்கையும் அதோடு அடங்கியது. வீட்டு உள் அலங்காரத் தொழிலுக்குப் போய் அதில் பெரிய பெயர் எடுத்தார். 1973-இல் இறக்கும்வரை ஷீல்ட்ஸோடுதான் வாழ்ந்தார். இன்னொரு பக்கம் இயன் மெக்கெல்லன். பிரிட்டனில் செக்‌ஷன் 28 சட்டம் (உள்ளாட்சி அமைப்புகள் தன்பாலீர்ப்பை 'ஊக்குவிப்பதை'த் தடுத்தது) வரவிருந்த 1988-இல், அதை எதிர்த்து பிபிசி வானொலியில் பேசும்போது தன்னைப் பற்றி வெளிப்படையாகச் சொன்னார். அவருடைய மிகப் பெரிய திரை வாய்ப்புகள் அதற்குப் பிறகுதான் வந்தன.

மெக்கெல்லனைக் காட்டித் தைரியம் சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அப்போது அவருக்கு வயது 48, கையில் 1981-இல் வாங்கிய டோனி நாடக விருது இருந்தது. வாடகைக்குக் கேட்டலாக் வேலையை நம்பியிருக்கும் இருபத்தாறு வயதுக்காரருக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

அவர் எடுத்த முடிவு இரண்டுக்கும் நடுவில்: தானாக அறிவிப்பதில்லை, யாராவது கேட்டால் மறுப்பதில்லை. பேட்டிகளில் காதலி பற்றிக் கேட்டால் "காதலி இல்லை" என்று சிரித்துக் கடந்துவிடாமல், "அந்தக் கேள்வி எனக்குப் பொருந்தாது" என்பார். துறைக்குள் விஷயம் மெல்லப் பரவியது. குறும்படம் வெளிவந்த ஆண்டில் முழுக்க வெளிப்படையாகிவிட்டார்.

ஆடிஷன்களை ஒரு நோட்டில் எழுதி வைப்பது அவர் வழக்கம். தேதி, பாத்திரம், கிடைத்ததா இல்லையா. வெளிப்படையான பிறகு அந்த நோட்டில் நான் பார்த்தது இது: அழைப்புகள் குறையவில்லை, கொஞ்சம் கூடவும் செய்தன. ஆனால் பாதிக்கு மேல் ஒரே அச்சு. கதாநாயகியின் நண்பன், சிகையலங்காரக் கலைஞர், ஆடை வடிவமைப்பாளர், கடைசிக் காட்சியில் இறந்துபோகிறவன். கதவு மூடும் என்று ஏஜென்ட் பயந்தார், நானும் பயந்தேன். கதவு மூடவில்லை, உள்ளே ஒரே ஓர் அறைதான் இருந்தது. செல்ஃப் டேப் (தானே படம்பிடித்த ஆடிஷன்) அனுப்பிய பிறகு, "இன்னும் கொஞ்சம் மென்மையாகச் செய்து அனுப்ப முடியுமா" என்று திரும்பி வந்த செய்திகளையும் அந்த நோட்டில் குறித்திருந்தார்.

ஒரு தொடரில் நெருக்கமான காட்சி ஒன்று வந்தது. அமெரிக்க நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ரா 2020 ஜனவரியில் இன்டிமசி கோஆர்டினேட்டர்களுக்கான (நெருக்கமான காட்சிகளை நடிகர்களின் சம்மதத்தோடு அமைத்துக் கொடுப்பவர்கள்) நெறிமுறைகளை வெளியிட்ட பிறகு, அந்த வேலை என்னவென்று பரவலாகத் தெரியவந்திருந்தது. இந்தத் தொடரிலும் ஒருவர் இருந்தார். எந்த அசைவு, எதுவரை, எந்தக் கோணத்தில் என்ன தெரியும் என்பதை முந்தின நாளே உட்கார்ந்து பேசி எழுதிக்கொண்டார்கள். படப்பிடிப்புக்கு நடுவில் மனம் மாறினால் சொல்லலாம் என்ற வரியும் அதில் இருந்தது. 'என்னிடம் முதல் தடவையாகக் கேட்டார்கள்' என்று அன்று இரவு எனக்கு எழுதினார்.

குறும்படம்: எடிட்டிங் அறையில் பார்த்தது

வரும் பாத்திரங்கள் சலித்துப்போய்த் தானே ஒரு குறும்படம் எழுதினார். ஒரே வீடு, இரண்டு நடிகர்கள், ஐந்து இரவுகள். அவரே இயக்கி அவரே நடித்தார். மானிட்டரில் பார்க்க ஆள் இல்லாததால் டேக் எண்ணிக்கை ஏறியது. அதுகூடப் பரவாயில்லை.

எடிட்டிங் அறையில்தான் சிக்கல் தெரிந்தது. சக நடிகரின் ஒவ்வொரு டேக்கையும் மூன்று முறை பார்ப்பார், கண் இமைப்பது வரை கவனிப்பார். தன்னுடைய டேக் ஓடும்போது தண்ணீர் பாட்டிலைத் திறப்பார், போனை எடுப்பார், "ஏதாவது ஒண்ணை வச்சுக்கோங்க" என்பார். ஆயிரக்கணக்கான படங்களுக்கு முகம் கொடுத்தவருக்குத் தன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. முதல் வெட்டில் அவருடைய நெருக்கக் காட்சி ஒன்றுகூட இல்லை. கதையே அவர் பாத்திரத்தைப் பற்றியது!

தன் டேக்குகளைத் தேர்வு செய்யும் பொறுப்பை முழுக்க என்னிடம் கொடுத்துவிடுவது என்று பேசி முடிவெடுத்தோம். அவருக்கு மறுப்பு சொல்லும் உரிமை உண்டு, ஆனால் காரணம் சொல்ல வேண்டும். 'அசிங்கமாக இருக்கிறேன்' என்பது காரணம் ஆகாது. இருபத்தாறு நிமிடத்தில் இருந்த படம் பதினான்குக்கு வந்தது. நான் செய்த வேலைகளில் எனக்குப் பிடித்தவற்றில் அது ஒன்று.

முழுநீளப் படம்: விழாவரை

அடுத்த இரண்டு ஆண்டுகள் முழுநீளப் படத்துக்குப் போயின. இரண்டு ஆண்களின் காதல் கதை, இதிலும் அவரே இயக்கி நடித்தார். சேமிப்பு, நண்பர்களின் கைமாற்று, சின்ன அளவில் கூட்டு நிதி. படப்பிடிப்பைப் பற்றிச் சொல்லப் பெரிதாக இல்லை, நன்றாகவே நடந்தது.

முதல் திரையிடலை எங்கே வைப்பது என்பதில் நாங்கள் தடுமாறினோம். பெரிய விழாக்கள் பலவும் உலக முதல் திரையிடலைத் தங்களுக்கே கேட்கும். வேறெங்காவது ஒருமுறை காட்டிவிட்டால் அந்தக் கதவு அடைபடும். இன்னொரு பக்கம் பால்புதுமையர் விழாக்கள், அதாவது எல்ஜிபிடி மக்களைப் பற்றிய படங்களுக்கென்றே நடப்பவை. சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃபிரேம்லைன் 1977-இலிருந்து நடக்கிறது, லண்டனின் பிஎஃப்ஐ ஃபிளேர் 1986-இலிருந்து. பெரிய விழாக்களுக்குள்ளேயும் இதற்கென்று விருதுகள் வந்துவிட்டன. பெர்லினில் டெடி விருது 1987 முதல், கான் விழாவில் குயர் பாம் 2010 முதல். பால்புதுமையர் விழாவில் தொடங்கினால் 'அந்த வகைப் படம்' என்று ஒதுக்கிவிடுவார்கள் என்று பயந்து, பொது விழாக்களுக்காக ஐந்து மாதம் காத்திருந்தோம். எல்லாம் நிராகரிப்பு. கடைசியில் ஒரு பால்புதுமையர் விழாவில்தான் முதலில் காட்டினோம். அரங்கு நிறைந்தது; ஒரு விநியோகஸ்தர் எங்களைத் தேடி வந்ததும் அங்கேதான். அந்த ஐந்து மாதமும் வீண். எங்கள் பயத்தில் கொஞ்சம் வெட்கமும் கலந்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

விநியோகஸ்தர் கேட்ட காகிதங்கள்

ஒப்பந்தத்துக்கு முன் விநியோகஸ்தர் ஒரு பட்டியல் அனுப்பினார். கதை உரிமை யாருடையது, ஒவ்வொரு நடிகரின் எழுத்துபூர்வ ஒப்புதல், படப்பிடிப்பு இடங்களின் அனுமதி, இசை உரிமை. இவை இருந்தால்தான் எர்ரர்ஸ் அண்ட் ஒமிஷன்ஸ் காப்பீடு, அதாவது உரிமை வழக்கு வந்தால் காக்கும் காப்பீடு, கிடைக்கும். காப்பீடு இல்லாமல் எந்தப் பெரிய தளமும் படத்தைத் தொடாது.

இசையில் ஓர் ஓட்டை. ஒரு காட்சியில் வானொலியில் பாட்டு ஓடும். ஒரு பாட்டுக்கு இரண்டு உரிமைகள்: இயற்றியதற்கு ஒன்று, அந்தப் பதிவுக்கு ஒன்று. நாங்கள் இரண்டுக்கும் விழாத் திரையிடலுக்கான உரிமம் மட்டும் வாங்கியிருந்தோம். முழு உரிமம் எங்கள் கைக்கு எட்டாத விலை. பாட்டை மாற்றலாம் என்றால், படப்பிடிப்பின்போதே பாட்டை ஓடவிட்டு எடுத்திருந்ததால் வசனமும் பாட்டும் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கிடந்தன. டப்பிங் செய்து சரிசெய்தோம். காசும் ஒரு மாதமும் போயிற்று, காட்சியின் உயிரும் கொஞ்சம் போயிற்று.

பெரிய ஓட்டை அடுத்தது. காதலனாக நடித்த சக நடிகரிடமிருந்து எங்களிடம் இருந்தது, போனில் வந்த ஒரு செய்தி: "சரி, பண்றேன்." சம்பளம் வாங்கிய ரசீதும் இருந்தது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துக் கேட்டுப் போனபோது அவர் தயங்கினார். முத்தக் காட்சியை எடுத்துவிட முடியுமா என்று கேட்டார்.

காரணத்தையும் சொன்னார். தன்பாலின உறவை இன்றும் குற்றமாக வைத்திருக்கும் நாடுகள் அறுபதுக்கும் மேல். அவற்றில் ஒன்றில் அவருடைய அண்ணன் வேலை பார்க்கிறார். முழுப் படத்தைப் பார்ப்பவர்கள் நடிப்பு என்று புரிந்துகொள்வார்கள். அந்த ஒரு ஃபிரேம் மட்டும் தனியாகக் கழன்று போனால் அதைச் சுற்றிப் படம் இருக்காது என்றார். ஸ்கிரிப்ட் படித்தபோது இதை யோசிக்கவில்லை, விழாவில் அரங்கு நிறைந்ததைப் பார்த்த பிறகுதான் பயம் வந்தது என்றும் சொன்னார். அவர் யார், எப்படிப்பட்டவர் என்று நாங்கள் கேட்கவில்லை. இங்கே அது தேவையும் இல்லை.

வக்கீலிடம் கேட்டோம். செய்தி, ரசீது, படப்பிடிப்பில் அவராகவே நடித்தது எல்லாம் சேர்த்தால் வாதாட இடம் இருக்கிறது என்றார். நான் வாதாடலாம் என்றேன். இரண்டு ஆண்டு உழைப்பு, படத்தின் நெஞ்சே அந்தக் காட்சி. அவர் ஒரு வரிதான் சொன்னார்: "என் ஃபோட்டோவை வித்தவரும் இதைத்தான் சொன்னார், கையெழுத்து இருக்குன்னு."

முடிவும் அதன் காரணமும்

குறிப்பிட்ட நாடுகளில் மட்டும் படம் தெரியாமல் தடுப்பது ஒரு வழி. ஸ்க்ரீன்ஷாட்டுக்கு எல்லை கிடையாது என்பதால் அதைக் கைவிட்டோம்.

காட்சியை வெட்டிவிடுவது இன்னொரு வழி. அதை அவரால் ஏற்க முடியவில்லை, அதில் நியாயம் இருந்தது. 1934-இலிருந்து பல ஆண்டுகள் ஹாலிவுட்டில் ஹேய்ஸ் தணிக்கை விதிகள் இப்படிப்பட்ட காதலைத் திரையில் காட்டவே விடவில்லை. கதவு சாத்தப்படும், விளக்கு அணையும், அவ்வளவுதான். "அந்தக் கதவை நானே சாத்தணுமா?" என்று கேட்டார். ஒரு வாரம் இதிலேயே போனது. சக நடிகரின் பயமும் நிஜம், படத்தின் தேவையும் நிஜம். ஒன்றை இன்னொன்றுக்குப் பலி கொடுக்கக் கூடாது என்பதில் மட்டும் இருவரும் உறுதியாக இருந்தோம்.

விடை ஒதுக்கி வைத்த டேக்குகளில் கிடந்தது. சக நடிகரின் முதுகுக்குப் பின்னாலிருந்து எடுத்த ஒன்று. அவருடைய பின்னந்தலையும் தோளும் இருட்டாகத் தெரியும். வெளிச்சம் முழுக்க எதிரில் இருக்கும் இவர் முகத்தில். முத்தம் இருக்கிறது, யாருடையது என்று பிடிக்க முடியாது. இயக்குநரே நிராகரித்திருந்த டேக் அது, தன் முகம் அத்தனை நெருக்கத்தில் இருந்ததால். ஒரு நிமிடத்துக்கு மேல் வெட்டே இல்லாமல் அதை ஓடவிட்டேன். அவர் இந்த முறை போனை எடுக்கவில்லை. கடைசிவரை பார்த்தார்.

சக நடிகரைக் கூப்பிட்டுக் காட்டினோம். போஸ்டரிலும் டிரெய்லரிலும் இருவரும் நெருங்கி நிற்கும் படம் வரக் கூடாது, பெயர்ப் பட்டியலில் வேறு பெயர் போட வேண்டும் என்றார். இரண்டையும் எழுதிச் சேர்த்தோம். கையெழுத்துப் போட்டார்.

பின்விளைவு

இவ்வளவும் முடிய ஏழு மாதம் ஆனது. விநியோகஸ்தர் அதற்குள் விலகிவிட்டார். அவருடைய அட்டவணையில் எங்கள் இடம் வேறு படத்துக்குப் போயிருந்தது. அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. படம் பிறகு சின்னத் தளங்கள் இரண்டில் வந்தது. சில விழாக்கள், சில கல்லூரித் திரையிடல்கள். போட்ட பணம் முழுதாகத் திரும்பவில்லை. கடன் அடைக்க அவர் இன்னும் கேட்டலாக் வேலைக்குப் போகிறார்.

படத்தைப் பற்றி எழுதியவர்களில் பலர் அந்த நீண்ட ஷாட்டைத்தான் குறிப்பிட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு இரண்டு இயக்குநர்கள் அவரை நடிக்கக் கூப்பிட்டார்கள். ஒன்று வங்கி ஊழியர் பாத்திரம், இன்னொன்று ஒரு குழந்தையின் அப்பா. நோட்டில் அந்த இரண்டு வரிகளையும் எனக்குக் காட்டினார்.

மாற்றிச் செய்வது

இப்போது அடுத்த படத்துக்கு நடிகர்கள் தேர்வு நடக்கிறது. ஒப்புதல் படிவத்தை வக்கீல் எழுதிக் கொடுத்தார், அவர் அதை மாற்றி அமைத்தார். ஊடகம், பிரதேசம், காலம் மூன்றும் தனித்தனி வரிகளில், காலியாக. நெருக்கமான காட்சிகளின் பட்டியல் தனித் தாளில். எந்த ஃபிரேம் போஸ்டருக்கும் டிரெய்லருக்கும் போகலாம் என்பதும் அதில் உண்டு. பாட்டு எதுவும் படப்பிடிப்பின்போது ஓடாது. பொது விழாவா, பால்புதுமையர் விழாவா என்று காத்துக் கிடக்கப்போவதில்லை. முதலில் அழைப்பவர்களிடம் போகப்போகிறோம்.

என் பங்குக்கு, 'முதலில் பெயர் வாங்கு, அப்புறம் சொல்லிக்கொள்' என்று யாருக்கும் இனி அறிவுரை சொல்வதில்லை. எப்போது சொல்வது என்பது சொல்பவரின் கணக்கு.

போன வாரம் ஒரு புது நடிகர் வந்திருந்தார். இருபத்தொரு வயது. ஆடிஷன் நன்றாகப் போன சந்தோஷத்தில், படிவத்தைக் கையில் வாங்கியதும் பேனா தேடினார். இவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்க, முதல்ல படிப்போம்" என்றார். இரண்டாம் பக்கத்தில் பிரதேசம் என்ற வரி வந்தபோது அந்தப் பையன் நிறுத்தி, வெளிநாட்டில் இருக்கும் தன் சித்தப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.